அந்த பஸ்ஸிலிருந்து இறங்க முடியவில்லை

ஐந்தாம் மாதத்தில் எனக்குக் கர்ப்பம் கலைந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் காட்டூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை கூட்டத்தில் நின்றுகொண்டே போயிருந்தேன். அதனால்தான் என்று மனம் பிடித்துக்கொண்டது. “அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா” என்று டாக்டர் சொன்னது மனதில் ஏறவில்லை.

தினமும் அந்தப் பயணத்தையே முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பேன். அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தால்? யாரிடமாவது இடம் கேட்டிருந்தால்? யோசித்து முடித்துவிட்டால் நிம்மதி வரும் என்று நம்பினேன். மூன்று மாதமாகியும் முடியவில்லை. வெளியில் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாலை, பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் அதன் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். வேலையிலிருந்து வந்த கணவர் ஓடிவந்து கேஸை மூடி, என்னை வாசலுக்கு இழுத்துப் போனார்.

“என்ன யோசனையில இருந்தே?” என்றார். முதல்முறையாகச் சொன்னேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“அன்னிக்கு லீவு போட்டு வண்டியில கூட்டிட்டுப் போயிருக்கணும்னு நானும் தினம் நினைக்கிறேன். சொன்னா நீ அழுவியேன்னுதான் சொல்லல.”

மறுநாளே மனநல மருத்துவரிடம் போனோம். எனக்கு மனச்சோர்வு என்றார். மாத்திரையும் ஆலோசனையும் தொடர்கின்றன.

அந்த நினைப்பு இன்னும் வருகிறது. வந்தால் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, “திரும்ப வந்துடுச்சுங்க” என்று அவரிடம் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இல்லாவிட்டால் போன் செய்கிறேன். நேற்று மதியம் அவரே கூப்பிட்டார். “எனக்கு வந்துடுச்சு. கொஞ்ச நேரம் பேசேன்” என்றார்.