தூண்டில் வளைவில் ஒரு சிறு நோடி

முதலில் என் கண்ணில் பட்டது காகம் இல்லாததுதான். கடற்கரையில் ஒரு அக்கா வலை மேல் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தார். விரட்ட ஒரு காகம்கூட இல்லை.

ஆகஸ்ட் இரண்டாவது வாரம். மூன்று நாள் வீசிய பெருங்காற்று முந்தின நாள்தான் தணிந்திருந்தது. இப்படிக் காற்றடித்தால் நடுக்கடல் பறவைகள் கரை ஒதுங்கும். தீவுகளில் மட்டுமே முட்டையிடும் சிறு நோடி என்ற பறவையைத் தேடித்தான் போனேன். போன வருடம் ஒரு வாட்ஸ்அப் பறவைக் குழுவில் நான் போட்ட படத்தை, ‘இது பழுப்பு நோடி, சரியாகப் பார்த்துப் போடு’ என்று தள்ளிவிட்டார்கள். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள் நான். பதில் எழுதவில்லை.

வீடு கீரிப்பாறை. முந்தின நாளே கருங்கல் ஊரில் அத்தை வீட்டில் தங்கிவிட்டேன். காலை 5.45க்கு ஆட்டோ, தேங்காய்ப்பட்டணம் பக்கம் பத்து கிலோமீட்டர், இருநூறு ரூபாய். இறங்கிய கடற்கரை ஊரின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

“கடலுல ஒண்ணுமே இல்லியே மோளே, அங்க எதுக்கு?” என்றார் ஆட்டோக்காரர்.

“பறவ பாக்க.”

“அதுக்கு இருநூறு ரூவாயா? எங்க வீட்டுக் கோழிய சும்மாவே காட்டியிருப்பேனே!”

தூண்டில் வளைவு என்பது கடலுக்குள் நீளும் கல் சுவர். இது இருநூறு மீட்டர் இருக்கும். அதன் மேல் அறுபது பறவைகள், எல்லாம் தென்மேற்கு பார்த்து உட்கார்ந்திருந்தன. ஒரு சத்தம் இல்லை. மூன்று மீட்டர் வரை போனேன், ஒன்றுகூடப் பறக்கவில்லை. அவற்றின் தீவுகளில் மனிதர் இல்லை, பயப்படத் தெரியாது. அது தெரிந்தும் அடுத்த கல்லில் மெதுவாகவே கால் வைத்தேன்.

வயிறு வெள்ளையாக இருந்தால் அது ஆலா என்ற வேறு கடற்பறவை, விட்டுவிடுங்கள். உடம்பெல்லாம் இருண்டு உச்சந்தலை மட்டும் வெளுத்திருந்தால் நோடி. பழுப்பு நோடிக்குக் கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் கறுப்பு. நெற்றியின் வெள்ளை அங்கே வெட்டியதுபோல் நின்றுவிடும். சிறு நோடிக்கு அந்த இடமும் வெளிறியிருக்கும். அலகு மெலிசு, தலையைவிட நீளம். கடைசிக் கல்லில் இருந்தது அப்படித்தான் இருந்தது. மணி 7.10. இருபத்திரண்டு படம் எடுத்தேன்.

அதன் வலது காலில் பச்சை வலைநூல் ஒன்று தொங்கியது.

“அது எங்க உள்ள பறவ பிள்ளே?” கருவாட்டு அக்கா எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. பறவையைப் பார்த்தே சொன்னேன். “மாலத்தீவுக்கும் அங்கிட்டு உள்ள தீவுல இருந்து வரும் அக்கா. இங்க உள்ளது இல்ல.”

“ஒறப்பா?”

“ஒறப்பு.”

அவர் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்த அன்றே அவர் கணவரின் போட் அந்தப் பக்கம் போயிருக்கிறது. இந்தக் கரையிலிருந்து இந்த முறை அங்கே போனது அது ஒன்றுதான். ஐந்து நாளாக வயர்லெஸ்ஸில் பதில் இல்லை.

மாதக்கணக்கில் கடலில் தங்குகிறவர்கள், போட்டில் வந்து உட்காரும் பறவையைக் கையால் பிடித்து, காலில் நூல் கட்டி விடுவார்களாம். போட்டில் எத்தனை பேரோ அத்தனை முடிச்சு. அப்படி ஒரு பறவை கரைக்கு வந்து யாரும் பார்த்ததில்லை.

“பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த பேச நேரமில்ல, பறவைக்கு நூலு கட்ட மட்டும் நேரம் இருக்கு அந்த ஆளுக்கு!” அக்கா சிரித்தார். “எங்க போட்டுல எட்டு பேரு. எனக்குக் கண்ணு எத்தாது. எண்ணிச் சொல்லு மக்கா.”

எண்ணினேன். ஏழு. இன்னொரு படம் எடுத்து எண்ணினேன். ஏழு. நூல் முனையைத் தீயில் சுட்டு உருட்டியிருந்தார்கள். அறுந்த நூல் இல்லை. முடிச்சுப் போடும்போதே போட்டில் ஏழு பேர்தான்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கல்லில் பாசி வழுக்கும், பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். காற்று நின்ற மறுநாள், எட்டு மணிக்குள் போங்கள். அதற்குப் பிறகு பறவைகள் இருக்காது. காலில் நூல் இருந்தால், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் பறவையின் பெயரைச் சொல்லாதீர்கள். நான் சொல்லிவிட்டேன்.

“எத்தன?” என்றார் அக்கா.

படத்தைத் திரையில் பெரிதாக்கி, கேமராவை அவர் கையில் கொடுத்தேன்.