மாசாய் வெயிலில் என் தம்பி

ஜோகூரில் இருக்கும் தேசாரு கடற்கரைக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மே மாதப் பள்ளி விடுமுறையில் நான் புறப்பட்டதும் அங்கேதான். வழியில் மாசாயில் தம்பி மோகனையும் அவன் மனைவி சுமதியையும் கூட்டிக்கொள்வதாகத் திட்டம். மோகன் தொழிற்சாலை எண்ணெய்த் தொட்டிகளுக்குச் சாயம் அடிப்பவன். ஏப்ரலில் வேலையிடத்தில் வெப்பம் தாக்கி விழுந்தவன், மருத்துவமனையில் கிடந்து வீடு திரும்பியிருந்தான். கடல் காற்று பட்டால் தேறிவிடுவான் என்று நினைத்த என் அறிவை என்ன சொல்ல!

கோலாலம்பூரிலிருந்து ஜோகூரின் லார்க்கின் நிலையத்துக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரம், முப்பத்தைந்து ரிங்கிட். அங்கிருந்து மாசாய்க்கு சுமார் இருபது கிலோமீட்டர். வாடகைக் காருக்கு முப்பது ரிங்கிட். ஓட்டுநர் தமிழர். ஏர்கோன் முழு வேகத்தில் ஓடியும் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"முன்னெல்லாம் மத்தியானம் காஞ்சா சாயங்காலம் மழை கொட்டிடும்கா. இப்ப ராத்திரியிலகூட செவுரு சுடுது லா."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவரையே வரச் சொன்னேன். மோகன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு உற்சாகமாகப் படியிறங்கினான். கார் திறந்தவெளியில் நின்றது. பாதித் தூரம் நடந்தவன் சட்டென்று நின்று திரும்பினான்.

"சுமதி எங்க?"

அவன் கையைப் பிடித்திருந்தவளே சுமதிதான். நான் தொட்டபோது அவன் கை நெருப்பாய்ச் சுட்டது. அவளுக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது, அலறவில்லை. பையிலிருந்த தண்ணீரையெல்லாம் அவன் தலையிலும் மார்பிலும் ஊற்றினாள். காரில் ஏற்றி, ஈரத் துண்டால் போர்த்தி, கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். அது தேசாருவுக்கு எதிர்த் திசை.

"உடம்பு தன்னைத்தானே குளிர வெச்சுக்கிற சக்தி கெட்டுப்போயிருக்கு. திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார் மருத்துவர். இந்த வருடம் இப்படி வருபவர்கள் அதிகமாம். கட்டுமான ஆட்கள், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர்கள், வாசலில் நிற்கும் காவலாளிகள். குளிரூட்டிய அறையில் வேலை செய்கிற ஒருவரைக்கூட அவர் சொல்லவில்லை.

மோகனுக்குத் தெளிவு வந்ததும் என்னைத்தான் பார்த்தான். "அக்கா, நீங்க கடலுக்குப் போயிட்டு வாங்க. என்னால உங்க ஹாலிடே கெட வேணாம்." வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினான். நான் வெளியே போய் அழுதேன்.

மூன்று நாள் வீட்டிலேயே இருந்தோம். அவனுடைய சூப்பர்வைசர் ஒருமுறை போன் செய்தார். நான் எடுத்தேன், விசாரிக்கத்தான் என்று நினைத்து. "வெயில் எல்லாருக்கும்தானே அடிக்குது? இவன் ஒருத்தன்தான் விழுந்தான்" என்றார். பூமி சூடாகிறது என்று உலகமே பேசுகிறது. மத்தியான வேலையை மட்டும் யாரும் நிறுத்துவதில்லை.

என்னை வழியனுப்ப வந்தபோது பேருந்து நிலையத்தில்தான் சுமதி மிச்சத்தைச் சொன்னாள். அவன் விழுந்த அன்று உளறியதைப் பார்த்து, குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று ஓரமாகப் படுக்க வைத்துவிட்டார்களாம். "தொட்டுப் பார்த்திருந்தா போதும்கா" என்றாள்.

ஜோகூருக்குப் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் சுற்றிவிட்டு நிழலுக்கு வந்துவிடுங்கள். தண்ணீர் நிறைய வைத்திருங்கள். வழியில் யாராவது உளறிக்கொண்டு தள்ளாடினால் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் நிழலுக்கு இழுத்துப்போய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தேசாருவுக்கு வழி வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள், நான் போகவில்லை.