மருத்துவக் குழுவுக்கு நான் அடித்த சல்யூட்

எல்லைக் காட்டில் கண்ணிவெடி என் முழங்காலைக் கெடுத்தது. பட்டாளத்தை விட்டு, நான் பிறந்து வளர்ந்த கேமரன்மலைத் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பினேன். ஊனத்தொகை கேட்டிருந்ததால் ராணுவ மருத்துவக் குழு கூப்பிட்டது. பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு விறைப்பாக நடந்து சல்யூட் அடித்தேன்.

"வலி இருக்கா?" என்றார் தமிழ் டாக்டர்.

"டான்ஸே ஆடுவேன் சார்!"

எல்லோரும் சிரித்தார்கள், தொகை கிடையாது என்றார்கள். மேல்முறையீட்டுக்கு நொண்டியபடியே போனேன். "அன்னிக்கு நல்லாத்தானே நடந்தீங்க?" என்று அதையும் தள்ளிவிட்டார்கள்.

"வாசப்படி ஏற என் தோளு வேணும், டாக்டர் முன்னால டான்ஸ் ஆடுவாராம் லா!" என்றாள் மனைவி.

இப்போது எந்த முன்னாள் சிப்பாய் குழுவுக்குப் போனாலும் கூடப் போகிறேன். "வீட்டுல நடக்கிற மாதிரியே நடங்க, வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க" என்கிறேன். போன மாதம் ஒருவருக்குத் தொகை கிடைத்தது. நான் இன்னும் காலை இழுத்துக்கொண்டு மலைச்சரிவில் கொழுந்து பறிக்கிறேன்.