மட்டக்கோட்டில் நின்ற கடல்

போர்டுக்காரம்மா என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். இருபத்திரண்டு வருடமாகக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறாள். ஒரு எழுத்துகூடக் கோணியதில்லை. அப்படிப்பட்டவளுக்கு மூன்று நாளாக இருப்புக் கொள்ளவில்லை.

ஜெபக்கூடத்துச் சுவருக்கு வேதக்கதை ஒன்றைப் படமாக வரைந்து தரக் கேட்டிருந்தார்கள். எந்தக் கதை என்று அவள் யோசிக்கவே இல்லை. கடவுள் ஓர் ஊருக்குப் போகச் சொல்ல, டிமிக்கி கொடுத்துவிட்டு வேறு ஊருக்குக் கப்பலேறிய தீர்க்கதரிசியின் மேல் சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பிரியம். எல்லோரும் அவனை விழுங்கிய மீனைச் சொல்வார்கள். அவளுக்குப் பிடித்தது அதற்கு முந்திய இடம்: புயலில் கப்பல் ஆட, அது அடங்கத் தன்னைத் தூக்கிக் கடலில் போட்டுவிடச் சொல்லி அவன் நிற்பது.

படம் நாளை மறுநாள் போயாக வேண்டும். புயல்தான் வரவில்லை. எழுந்தாள், பிரஷைக் கழுவினாள், ஜன்னல்வரை போனாள், திரும்பி வந்து கழுவிய பிரஷையே மறுபடி கழுவினாள்.

தையல் மிஷினை நிறுத்திவிட்டுத் தங்கை எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, அலையெல்லாம் ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி வரிசையா நிக்குது?"

"உன் வேலையைப் பாருடி."

"இவன் சாகப்போறவனா? பஸ்ஸுக்கு நிக்கிறவன் மாதிரில்ல இருக்கான்!" குனிந்தவள், "அடியில என்ன, வெள்ளையா கோடு?" என்றாள்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. வேலை தொடங்கும்போது, கைப்பழக்கத்தில், சுண்ணாம்புப் பொடி தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டியிருக்கிறாள். பெயர்ப்பலகைக்குப் போடுகிற மட்டக்கோடு. கப்பலையும் கடலையும் அதன்மேல் கடைப்பெயர் மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறாள்!

"கூறுகெட்டவளே" என்று தன்னையே திட்டிக்கொண்டு, பட்டைப் பிரஷை எடுத்து மொத்தத்தையும் அழித்தாள்.

"ஐயோ அக்கா! நாளன்னைக்குக் குடுக்கணுமே!"

இம்முறை நூலைத் தொடவில்லை. கடல் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஏறியது. கப்பல் அதில் வழுக்கியது. அந்த ஆள் கையில் அகப்பட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாய் திறந்து கத்தினான். மறுநாள் முழுக்க அவள் உட்காரவே இல்லை.

ஜெபக்கூடத்துக் காவலாளி படத்தை மாட்டினார். இடது மூலையை உயர்த்தினார். தள்ளி நின்று பார்த்துவிட்டு இறக்கினார். "எப்படி மாட்டினாலும் கோணலாவே இருக்கேம்மா."

"சட்டம் நேராத்தான் இருக்குங்க."

"கடலைக் கொஞ்சம் நேராக்கிக் குடுத்துடுங்களேன். உங்களுக்கா தெரியாது?"

"முடியாதுங்க."

சொன்னபின் அங்கே நிற்க முடியவில்லை. வாசலுக்கு வந்துவிட்டாள். மறுபடி சட்டத்தைத் தொடுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தாள். அவர் தொடவில்லை. பெஞ்சின் முதுகை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்தபடி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.