சந்துக்குள் வந்த குழாய்

செம்பாக்கத்தில் நாங்கள் வாங்கியது பின்வீடு. தெருவிலிருந்து ஒரு சந்து வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். முன்வீட்டில் டயர் கடை வைத்திருந்த பாயும் அவர் மனைவியும் இருந்தார்கள். சந்து இரண்டு வீட்டுக்கும் பொது.

தெருவில் தண்ணீர்க் குழாய் போட்டபோது சந்து முனையோடு நிறுத்திவிட்டார்கள். "இதுக்கு மேல உங்க செலவு" என்றார் ஆபீஸ்காரர்.

"உங்கன்னா யாரு சார்?" என்று கேட்டேன்.

"அது நீங்க ரெண்டு வீடும் பேசிக்குங்க" என்று போய்விட்டார்.

என் கணவர், முன்வீடு வரைக்கும் பாய்தான் போடவேண்டும், அதற்குப் பிறகுதான் நம்முடையது என்றார். பாயோ, "எனக்குக் கிணறு இருக்கு சார், குழாய் உங்களுக்குத்தானே வேணும்" என்றார். இரண்டுமே எனக்கு நியாயமாகப் பட்டது. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, பொதுச் சந்து என்றால் பாதிப்பாதி என்றார். அதுவும் சரியாகத்தான் இருந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. நான் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பாடம் முடித்துவிட்டு வந்தால் சந்து முழுக்க புதுமண். எங்கள் சமையலறைச் சுவரோரம் குழாய் நின்றது. திருகினேன், தண்ணீர் வந்தது.

கணவர் சாயங்காலம் பார்த்துவிட்டு, "பாய் மனசு மாறிட்டார் போல" என்றார். மறுநாள் பாய் என்னை வழியில் நிறுத்தி, "சார் செஞ்சது பெரிய விஷயம்மா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேராக அவர் மனைவியிடம் போனேன். அவர் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "நான்தான் போடச் சொன்னேன். பிளவுஸ் தைச்ச காசு. இவங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கறதுக்குள்ள மழைக்காலமே வந்துடும்."

"பாதியாவது வாங்கிக்குங்க அக்கா."

"வாங்கினா இவருக்குத் தெரியும். என்னைக் கேக்காம எதுக்குச் செஞ்சேன்பார். இப்படியே இருக்கட்டும்."

அப்படியே விட்டோம். வேடிக்கை என்னவென்றால், அதன்பிறகு ஆண்கள் இருவரும் ரொம்ப மரியாதையாகிவிட்டார்கள். பெருநாளுக்குப் பிரியாணி சட்டியோடு வந்தது. தீபாவளிக்கு என் கணவர் தானே போய் இனிப்புக் கொடுத்தார். செலவைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை. கேட்டால் அடுத்தவர் மனம் நோகுமென்று நினைத்தார்களோ, கேட்டால் பாதி கொடுக்கவேண்டி வருமென்று நினைத்தார்களோ, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் வண்டலூருக்குக் குடிபோனபோது ஒரு புடவைக்குள் பணம் வைத்து அக்காவிடம் கொடுத்தேன். புடவையை மடியில் வைத்துக்கொண்டு பணத்தை என் கையிலேயே திணித்தார். அந்தக் குழாய் உதவியா, கடனா, புருஷன்மேல் இருந்த கோபமா? வண்டி கிளம்பியபின் என் கணவர், "தங்கமான மனுஷன்" என்றார். நான் ஆமாம் என்றேன்.