புகைவீட்டில் காய்ந்த முகம்

பெரிய கங்காணிக்கு அழகு என்றால் கனம். கடிகாரச் சங்கிலி கனமாக இருந்தால் அழகு, தலைப்பாகை பெரிதாக இருந்தால் அழகு. அந்த மனிதரின் முகத்தைத்தான் நான் மரத்தில் செதுக்க வேண்டியிருந்தது.

அப்போது எனக்கு வயது பத்தொன்பது. ஈப்போவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்தேன். விடிவதற்குள், ஆட்கள் வரிசை கட்டும் பெரட்டில் நின்று பேர் கூப்பிட வேண்டும். மிச்சப் பகலெல்லாம் பெரிய கிராணி ஏப்பம் விடுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதற்கா ஏழாம் ஸ்டாண்டர்ட் வரை படித்தேன்?

தப்பிக்க ஒரே வழி ஈப்போவில் இருந்தது. மரச்சாமான் பட்டறை வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கே, நான் செதுக்கிய பொம்மைகளைப் பார்த்துவிட்டு மலாயில் சொல்லியிருந்தார்: "பொம்மை முகம் வேண்டாம். உயிரோடு இருக்கிற ஒரு மனுஷன் முகம் கொண்டு வா. சீனப் பெருநாளுக்குள் வந்தால் உனக்கு இங்கே இடம். அதற்குப் பிறகு வேறு ஆள்."

ஏன் கங்காணி என்று கேட்பீர்கள். தோட்டத்தில் கூலியாட்களை ஏவிவிட்டுப் பட்டப்பகலில் அசையாமல் உட்கார நேரமுள்ளவர் அவர் ஒருவர்தான்.

மரம், ஜெலுத்தோங் பலகை. வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். உளிகள் மூன்று; நான்காவது, பால்மரம் சீவும் பழைய கத்தி. அதன் வளைந்த நுனியைத் தீட்டினால் மீசை மயிரைக் கூடத் தனித்தனியாகக் கீறலாம். பக்கவாட்டு முகத்தை எழுப்பும் வேலை வேடிக்கையானது. சுற்றியுள்ள தளத்தை இறக்கினாலே முகம் தானாக மேலே வரும். கால் அங்குலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். காதுதான் மேடு, மூக்கு ஓரத்தில் தணிந்து கிடக்கும். இதைக் கங்காணியிடம் சொன்னது என் முட்டாள்தனம்.

"என்ன தம்பி, மூக்கு காதைவிடத் தாழ்ந்திருக்கு? எங்க வம்சத்துல மூக்குதான் எடுப்பு!"

"இது பக்கவாட்டுப் பார்வைங்க. அப்படித்தான் வரும்."

"சரி, இன்னொரு கண்ணு எங்க?"

"அது அந்தப் பக்கம் இருக்குங்க."

"எந்தப் பக்கம்?" என்று பலகையைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தார். சத்தியமாகப் பார்த்தார்.

பத்து நாளில் முடிந்தது. வெற்றிலை அதக்கிய கன்னம், தடித்த கீழுதடு, எதையும் யோசித்தறியாத நெற்றி, எல்லாம் அப்படியே வந்துவிட்டன. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறக் காத்திருந்தவன், வெள்ளிக்கிழமை மாலை, "ரெண்டு நாளு வீட்டுல வெச்சுக் காட்டிட்டுத் தாரேன்" என்று அவர் கேட்டதும் கொடுத்துவிட்டேன். கூலிக் குடியிருப்புகளில் லயத்துக்கு லயம் ஆட்கள் பார்த்து வாய் பிளப்பார்கள் என்ற ஆசை. யாருடைய ரசனையைத் துச்சமாக நினைத்தேனோ, அவர்களுடைய புகழ்ச்சிக்கே நாக்கைத் தொங்கப் போட்டேன்.

ஞாயிறு காலை போனேன். பலகை வீட்டில் இல்லை.

"அத ஏன் கேக்குற! உசிரோட இருக்கிற மனுசனுக்கு மரத்துல மொகம், அதுவும் ஒத்தக் கண்ணு. ஆயுசுக்கு ஆகுமா?" என்றாள் கங்காணியின் மனைவி. "அதான் திருஷ்டி கழிய ஒரு ராத்திரி பூரா மஞ்சத் தண்ணியில போட்டு வெச்சேன்."

"தண்ணியிலயா? மரத்தையா?"

"ஈரத்தோடயா விட்டோம்?" என்று கங்காணி குறுக்கிட்டார், பெருமை தாங்காமல். "நேத்துக் காலையிலயே புகைவீட்டுல கட்டித் தொங்க விட்டுட்டேன். ரப்பரே காயுது, மரம் காயாதா?"

ஓடினேன். வரிசை வரிசையாகத் தொங்கும் ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே, கீழே விறகு கனன்றுகொண்டிருக்க, பெரிய கங்காணி தொங்கிக்கொண்டிருந்தார். நிறம் கருவாடு. தலைப்பாகையிலிருந்து தாடை வரை மரத்தின் நரம்போட்டத்திலேயே பிளந்து, விரல் நுழையும் வெடிப்பு.

பின்னாலேயே வந்தவர் பார்த்துவிட்டுக் கைகூப்பினார். "பாத்தியா தம்பி? என் தலைக்கு வந்தது மரத்தோட போச்சு!"

வேறு முகம் செதுக்க நாளில்லை. இன்னும் இரண்டே நாளில் சீனப் பெருநாள். வெடித்ததையே துணியில் சுற்றிக்கொண்டு ரயிலேறினேன்.

தவுக்கே வெடிப்பில் கட்டைவிரலை ஓட்டினார். முகர்ந்து பார்த்தார். எப்படி ஆயிற்று என்று கேட்டார். மஞ்சள் தண்ணீர், புகைவீடு, ஆயுசு எல்லாவற்றையும் கங்காணியின் குரலிலேயே நடித்துக் காட்டினேன். பட்டறையில் ஆறு பேர் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். தவுக்கேயும் சிரித்தார், நானும் சிரித்தேன். அப்புறம் அவர், "நல்ல கை" என்றார். நெஞ்சு துள்ளியது. "ஆனால் அவன் கையில் இதைக் கொடுத்தது யார்?"

"நான்தான்."

அவர் சிரிப்பு நின்றது. "அந்த ஆளுக்கு மரம் தெரியாது. உனக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்தாய். நாளைக்கு என் வாடிக்கைக்காரனின் பலகையை யாரிடம் கொடுப்பாய்?" பலகையைத் துணியில் சுற்றி என் கையிலேயே வைத்துவிட்டார். இடம் கிடைக்கவில்லை.

சாயங்காலம் தோட்டத்து முகப்பிலேயே கங்காணி நின்றிருந்தார்.

"ஈப்போல என்ன சொன்னாங்க? எம் மொகத்தப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. பட்டறையே சிரிச்சுச்சு."

"அப்பப் புடிச்சிருக்கு!" என்று மீசையை நீவிக்கொண்டார். "சரி, கொண்டா. நம்ம வீட்டு வாசல்ல மாட்டணும்."

நீட்டிய கையைப் பார்த்தேன். கொடுக்கவில்லை. பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். "படிச்ச திமிரு லா இவனுக்கு" என்று அவர் யாரிடமோ சொல்வது முதுகுக்குப் பின்னால் கேட்டது. அந்த மனிதர் அதுவரை சொன்னவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான்.