கை மாறிய காப்பு

மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த அழகம்மா, இரண்டாயிரத்தெட்டில் கண்ணை மூடினாள். வெளிநாட்டில் இப்போது புது வால்வையே மடித்து, குழாய் வழியாக இதயத்துக்குள் அனுப்பி விரித்து விடுகிறார்களாம், நம் நாட்டுக்கு இன்னும் வரவில்லை என்று கடைசியாகப் பார்த்த டாக்டர் வருத்தப்பட்டார். அவள் குறைப்படவில்லை. "மாரியாத்தா எனக்குப் பத்து வருசம் குடுத்தா சார், போதும்" என்றாள். அந்தப் பத்து வருசம் சும்மா வந்ததில்லை.

சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் அவள் இதயத்தில் தங்கிவிட்டது. முப்பது தாண்டியதும் மலை ஏறினால் மூச்சு முட்டியது. கூடை பாதி நிறையும் முன்னே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செடிக்குள் குந்திவிடுவாள். "என்னா அழகம்மா, மறுபடி புள்ளத்தாச்சியா?" என்று பக்கத்து நிரைக்காரிகள் கிண்டல் செய்வார்கள். ஒருநாள் இருமலில் இரத்தம் வந்தது. அதற்குப் பிறகு யாரும் கிண்டல் செய்யவில்லை.

கொழும்பு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த யாழ்ப்பாணத்து டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

"இதயத்தில ஒரு கதவு ஒட்டிப் போச்சு அம்மா. நெஞ்சை வெட்டத் தேவையில்லை. தொடை இரத்தநாளத்தால மெல்லிய குழாய் ஒண்டை மேல அனுப்பி, நுனியில இருக்கிற பலூனை அந்தக் கதவுக்குள்ள ஊதினால் திறக்கும். ஆனா கனபேர் காத்திருக்கினம். உங்கட நாள் வந்தால் அறிவிப்பம். அதை விட்டிடாதேங்கோ."

மாசக்கணக்கில் நாள் வரவில்லை. மாரியம்மன் திருவிழாதான் வந்தது. சீக்கிரம் கூப்பிடணும் தாயே என்று தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்து, அழகம்மா காப்புக் கட்டிக்கொண்டாள். மஞ்சள் கயிறு கையில் ஏறிய மறுநாளே தோட்டத்து ஆபீசுக்கு போன் வந்தது. திங்கட்கிழமை கொழும்பில் இருக்க வேண்டும்.

காப்புக் கட்டினவர்கள் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. கேட்பதற்குக் கட்டிய கயிறே காலைக் கட்டிப் போட்டது.

"அறுத்துட்டுப் போனா ஆத்தா முகத்துல எப்புடி முழிப்பேன்? நான் போகல" என்று உட்கார்ந்துவிட்டாள்.

புருசன் மூக்கன், பூசாரி மாயாண்டியைக் கூட்டி வந்தார். பூசாரி அவள் கையிலிருந்த காப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆத்தா குடுத்தத வேணாம்னு சொல்றதுதாம்மா குத்தம். வீட்டுல ஒருத்தருக்குக் காப்ப மாத்திக் கட்டிருவோம். அவங்க வெரதம் இருந்து சட்டி எடுக்கணும்."

"எனக்குக் கட்டுங்க" என்றார் மூக்கன்.

அவருடைய தங்கச்சி மீனம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அண்ணனா வெரதம் இருக்கப் போவுது? சம்பளத்தன்னிக்கு கள்ளுத் தவறணைய மிதிக்காம லயத்து வீட்டுக்கு வந்திருக்கா இது?"

அழகம்மா சிரிக்கவில்லை. "காப்பு ஒங்க கைக்கு வந்தா நீங்களும் எல்ல தாண்ட முடியாதே. அங்கன எனக்கு ஒன்னு ஆச்சுன்னா?"

மூக்கன் பூசாரியிடம் கையை நீட்டினார்.

சிங்களம் பேசத் தெரிந்த மீனம்மாதான் கூடப் போனாள். மூக்கன் எல்லைப் பாலம்வரை மூட்டையைத் தூக்கி வந்தார். அதற்கு அந்தப்பக்கம் ஓரடி வைக்கவில்லை.

"பயப்புடாத புள்ள. நான் இங்கன தீயோட நிப்பேன். நீ அங்கன..." மூட்டையை மீனம்மாவிடம் மாற்றினார்.

கொழும்பில் அவளை மயக்கவில்லை. தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்த்து, தொடை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். குளிரான அறை. பக்கத்துத் திரையில் அவளுடைய இதயமே நிழல்போல அசைந்தது. குழாய் ஏறியது தெரியவில்லை. பலூன் ஊதிய அந்தக் கணம்தான் நெஞ்சுக்குள் எல்லாமே நின்றுபோன மாதிரி இருந்தது. ஆத்தா பேரைச் சொல்லி உதடு அசைந்தது. பலூன் சுருங்கியது.

"திறந்திட்டுது அம்மா" என்றார் டாக்டர்.

வார்டில் நர்ஸ் அவளை மல்லாக்கப் படுக்க வைத்து, காலை அசைக்கவே கூடாது என்று சிங்களத்தில் கண்டிப்பாகச் சொல்லிப் போனார். அழகம்மா மிரண்டு மீனம்மாவின் கையைப் பிடித்தாள். கொஞ்ச காலமாக அவளால் படுக்கவே முடியாது, படுத்தால் மூச்சு அடைக்கும். லயத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். இப்போதும் அடைக்கும் என்று காத்திருந்தாள். அடைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். கண்ணோரம் வழிந்த நீர் காதுக்குள் போனது.

"வலிக்குதா மதினி?"

"இல்ல. ஆபீசுக்கு போன் பண்ணி ஒங்கண்ணனுக்குச் சொல்லச் சொல்லு."

"என்னான்னு?"

"நான் கால நீட்டிப் படுத்திருக்கேன்னு."

"ஐயையோ, அப்புடிச் சொன்னா நீங்க செத்துட்டீங்கன்னு லயமே ஒப்பாரி வச்சிரும்!"

"அவருக்கு வெளங்கும். போய்ச் சொல்லு புள்ள."